மூன்றாம் நாள் மண்வெட்டி: தொண்டுக்குப் போகிற ஊரில் எங்கே தங்குவது?

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது: தங்குமிடம் எது வேண்டும்? எதிரே மூன்று கட்டங்கள். உள்ளூர்க் குடும்பம், பள்ளி வளாக வீடு, தொண்டர் விடுதி. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவின் தென்மேட்டு நிலத்தில், இரிங்கா நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டு கணக்குப் பாடம் நடத்துவதாக ஏற்பாடு. சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்குமிடமும் என்னை அனுப்பிய தொண்டு அமைப்பின் பொறுப்பு. விசா, தடுப்பூசி, விமானக் கட்டணம் என்று தலைக்கு மேல் கவலை இருந்த நேரத்தில் இந்த டிக் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எளிமையாக வாழப் பழக வேண்டும் என்று ஓர் ஆசை இருந்ததால் ‘குடும்பம்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். போய் இறங்கியபோது அந்த வீட்டில் அறை தயாராகவில்லை. அதனால் முதல் இரண்டு வாரம் விடுதியில், அடுத்த நான்கு மாதம் குடும்பத்தில், மிச்ச நாட்கள் பள்ளி வீட்டில் என்று மூன்றையும் பார்த்துவிட்டேன்.

இப்போது யாராவது தொண்டுக்கு வெளிநாடு போகப் போவதாகச் சொன்னால் அந்த டிக் எங்கே விழுந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். பகலில் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் சாக்பீஸ் பிடிக்கிறோம். சாயங்காலம் எந்த வாசலுக்குத் திரும்புகிறோம் என்பதில்தான் வித்தியாசம் தொடங்குகிறது.

அந்த நாட்டு மொழியான சுவாஹிலியில் ஒரு பழமொழி உண்டு: ‘ம்கேனி சிகு ம்பிலி, சிகு யா தாத்து ம்பே ஜெம்பே.’ விருந்தாளிக்கு இரண்டு நாள். மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கொடு. பின்னாளில் அந்த நாட்டின் ஜனாதிபதியான ஜூலியஸ் நியரேரே, உஜாமா என்கிற தன் ஆப்பிரிக்க சோஷலிசக் கொள்கை பற்றி 1962இல் எழுதியபோது இதை எடுத்துக்காட்டினார். மூன்றாம் நாள் வரைகூடப் பொறுக்காமல் விருந்தாளியே மண்வெட்டியைக் கேட்டுவிடுவான் என்றும் சேர்த்துக்கொண்டார். நம் ஊரில் ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்கிறோம். இரண்டு பேரின் கணக்கும் ஒன்றுதான். நாம் மூன்றாம் நாள் விருந்தாளியைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பப் பார்க்கிறோம், அவர்கள் வயலுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். மூன்று தங்குமிடங்களையும் நான் எடை போடுவது இந்தத் தராசில்தான்: எங்கே மண்வெட்டி சீக்கிரம் கைக்கு வரும்?

விடுதி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நகரத்துக்குள் சுற்றுச்சுவர், இரும்புக் கேட், இரவுக் காவலர். கூரைமேல் நம் சின்டெக்ஸ் தொட்டியின் சாயலில் ஒரு கறுப்புத் தொட்டி. சமைக்க ஓர் அம்மாள் வருவார். எட்டுப் பேர் இருந்தோம், ஆசியாவிலிருந்து நான் ஒருத்திதான். காலையில் மினிபஸ் பிடித்து அவரவர் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ போய்விட்டு, இருட்டும் நேரத்தில் திரும்புவோம்.

அங்கே எளிமை பற்றிய பேச்சு ஏராளம். யார் எத்தனை குவளைத் தண்ணீரில் குளித்தார், யார் எத்தனை நாள் ஒரே சட்டையைப் போட்டார் என்று இரவுச் சாப்பாட்டில் போட்டியே நடக்கும். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் வேறு கதை. ஒவ்வொரு வெண்ணெய்க் கட்டியிலும் ஒவ்வொரு ஜாம் பாட்டிலிலும் மார்க்கர் பேனாவால் ஒரு பெயர். இரண்டாம் நாளே என் ஊறுகாய் பாட்டிலிலும் என் பெயரை எழுதிவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எட்டுப் பேர் ஒரு வீட்டில் இருந்து எட்டு உப்பு டப்பாக்கள் வைத்திருந்தோம்.

ஆனாலும் விடுதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்க மாட்டேன். இரண்டு மாதத்துக்கும் குறைவாகப் போகிறவர் அங்கேதான் தங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது. தினமும் மருந்து எடுப்பவர்கள், சட்டென்று மருத்துவமனை தேவைப்படக்கூடியவர்கள், வயிறு சீக்கிரம் கெடுகிறவர்கள் ஆகியோருக்கும் அதுவே சரி. மண்வெட்டி மட்டும் அங்கே வராது. ஓராண்டு இருந்தாலும் நீங்கள் விருந்தாளிதான். வேலை வாங்க அங்கே வீட்டுக்காரர் என்று ஒருவர் வேண்டுமே?

குடும்பம்

வீட்டு அம்மா சந்தையில் தக்காளி விற்பவர். அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஒரு பாட்டி, நான்கு பிள்ளைகள். மூத்தவள் வெளியூரில் விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். சுட்ட செங்கல் சுவர், தகரக் கூரை, முற்றத்துக்கு அப்பால் புகை ஏறிக் கறுத்த தனி அடுக்களை, பின்னால் வாழையும் மக்காச்சோளமும்.

முறை வைத்துக் கூப்பிடுவதிலேயே முதல் வாரம் போயிற்று. சுவாஹிலியில் அம்மாவுக்கு ‘மாமா’ என்று பெயர். அந்த அம்மாளை மாமா என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. அக்காவுக்கு ‘டாடா’. பிள்ளைகள் முற்றத்திலிருந்து ‘டாடா! டாடா!’ என்று கத்தும்போதெல்லாம் நான் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினேன். கூப்பிடுகிறார்கள் என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று. மணிக்கணக்கும் அப்படித்தான். அங்கே மணி எண்ணுவது விடியலிலிருந்து. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. இரண்டு மணிக்கு வா என்றால் காலை எட்டுக்குப் போய் நிற்க வேண்டும். நம் முன்னோரும் சூரியன் உதிப்பதிலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள் என்று தெரிந்திருந்தும், என் கைக்கடிகாரம் என்னைப் பலமுறை காலை வாரியது.

சாப்பாடுதான் எனக்குப் பெரிய பாடம். முதல் பத்து நாள் தினமும் அரிசிச் சோறு, நடுவில் ஒரு நாள் கோழி. பரவாயில்லையே, நம் சாப்பாடு மாதிரியே இருக்கிறதே என்று மகிழ்ந்து சாப்பிட்டேன். ஒரு ராத்திரி கடைக்குட்டிப் பையன் கேட்டான்: “டாடா, நீ போன பிறகும் சோறு உண்டா?”

அந்த வட்டாரத்தில் அன்றாடச் சாப்பாடு உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறி எடுக்கும் களி. அரிசி விருந்தாளிக்கும் விசேஷத்துக்கும். எனக்காகப் பத்து நாள் அரிசி வாங்கியதில் அந்த மாதச் சந்தைக் காசு எவ்வளவு கரைந்திருக்கும் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. எளிமையாக வாழ வந்தவள் ஒருத்தி, ஒரு குடும்பத்தின் செலவை ஏற்றிவிட்டு, தான் எளிமையாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டு மாதத்துக்குக் குறைவாகப் போகிறவர் குடும்பத்தில் தங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். விருந்தாளிப் பருவம் முடிவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் செலவு மட்டும்தான். அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

மறுநாள் அடுக்களைக்குப் போய் எனக்கும் உகாலிதான் வேண்டும் என்றேன். அம்மா நம்பவில்லை. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவள் என்பதை அரைகுறைச் சுவாஹிலியில் எப்படிச் சொல்வது? தட்டில் ஒரு துண்டைக் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டை விரலால் நடுவே குழி செய்து, கீரையை அள்ளி வாயில் போட்டுக் காட்டினேன். பாட்டி கைதட்டினார். அந்தக் கீரையின் பெயர் ம்சிச்சா. நிலக்கடலைப் பொடி போட்டு வதக்குவார்கள். நாக்கில் வைத்ததும் எங்கள் வீட்டு முளைக்கீரை. செடியைப் பார்த்தேன், அதே இனந்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. என்னோடு விடுதியில் இருந்த ஒரு பெண் ‘ந்யாமா’ சாப்பிட மாட்டேன் என்று சொல்லி ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனார். கோழி வந்தது. ந்யாமா என்றால் அவர்கள் கணக்கில் மாடு, ஆடு. கோழிக்கும் மீனுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி மறுப்பு. டகா என்கிற சின்னஞ்சிறு கருவாடு, நம் நெத்திலியைப் போன்றது, எந்தக் குழம்பில் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி மறுக்கக் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும். மற்றபடி அவரை, கீரை, முட்டைக்கோஸ், வாழை, வெண்ணெய்ப்பழம் என்று சைவத்துக்கு அந்த மண்ணில் குறைவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் காலையில் குளியலறை மறைப்பில் ஒரு வாளி வெந்நீர் தயாராக இருக்கும். மிச்சமில்லாமல் ஊற்றிக்கொள்வேன். மூன்றாவது வாரம், ஒரு நாள் சீக்கிரம் விழித்து வெளியே வந்தேன். இன்னும் விடியவில்லை. பதினொரு வயதுப் பெண் தலையில் வாளியோடு வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். குழாய் அங்கிருந்து முந்நூறு அடி வைப்பு. அது எனக்கான வாளி.

மறுநாளிலிருந்து நானே போனேன். இருபது லிட்டர் வாளியைத் தலையில் ஏற்ற, காங்கா துணியை முறுக்கி வட்டமாக வைத்து அந்தப் பெண் எனக்குச் சும்மாடு கட்டிக் கொடுத்தாள். என் பாட்டி புல்லுக்கட்டு சுமந்தவர். சும்மாடு என்ற சொல் எனக்குத் தெரியும். அதைத் தலையில் வைத்துப் பார்க்க இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. முதல் நாள் வீடு வந்து சேர்ந்தபோது வாளியில் பாதிதான் இருந்தது, மீதி என் முதுகில். அந்த வாரத்திலேயே என் குளியல் ஐந்து லிட்டருக்கு இறங்கிவிட்டது. அதற்காக நான் எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை. கழுத்து வலித்தது, அவ்வளவுதான்.

மண்வெட்டி மூன்றாம் நாள் வரவில்லை. நான்காவது வாரம் நானே கேட்டேன். மக்காச்சோளத்தில் களை எடுக்கப் பாட்டியோடு போனேன். ஒரு மணி நேரத்தில் களையோடு சேர்த்து நான்கு பயிரையும் சாய்த்தேன். பாட்டி “போலே” என்றார். அடிபட்டவருக்கும் களைத்தவருக்கும் அங்கே சொல்லும் ஆறுதல் சொல் அது. எனக்குச் சொன்னாரா, பயிருக்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. பிறகு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு என்னை அவரைக்காய் உரிக்க உட்காரவைத்தார். ஆனால் அன்று ராத்திரி, கை கழுவ எனக்கு யாரும் செம்பில் தண்ணீர் ஊற்றவில்லை. செம்பை என்னிடம் கொடுத்து, மற்றவர்களுக்கு ஊற்றச் சொன்னார்கள். அந்த வீட்டில் எனக்கு அன்றைக்குத்தான் இடம் கிடைத்தது.

குடும்பத்தில் தங்குவதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். என் அறை யாருடையது என்று நான் கேட்கவே இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பாட்டியின் அறையில் தரையில் பாய் போட்டுப் படுத்தது இரண்டாவது மாதம்தான் தெரிந்தது. அமைப்பு அந்தக் குடும்பத்துக்குத் தர வேண்டிய பணம் ஒரு முறை இரண்டு மாதம் தாமதமானது. யாரும் வாய் திறக்கவில்லை. தேநீரில் சர்க்கரை குறைந்துகொண்டே போய், பின் இல்லாமலே வந்தபோது நானாகத்தான் விசாரித்தேன். நீங்கள் போவதாக இருந்தால், குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், யார் மூலம் போகிறது என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே கைப்பேசியில் பணம் அனுப்புவது எல்லோருக்கும் பழக்கம். தாமதத்துக்குப் பெரிய சாக்கு ஒன்றும் இருக்க முடியாது.

இன்னொரு அசட்டுத்தனமும் செய்தேன். அடுக்களைப் புகையில் அம்மாவும் பாட்டியும் இருமுவதைப் பார்த்துப் பொறுக்காமல், நகரத்திலிருந்து ஒரு சின்ன கேஸ் அடுப்பு வாங்கி வந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். அடுப்பு கூடத்தில், பூப்போட்ட துணியால் மூடி வைக்கப்பட்டது. விருந்தாளி வந்தால் தேநீர் போட மட்டும் வெளியே வரும். கோபப்பட எனக்கு உரிமை இல்லை. சிலிண்டரை நிரப்ப நகரத்துக்குப் போக வேண்டும். அவரைப் பயறு வேக மூன்று மணி நேரம் ஆகும். கரியையோ வெறும் ஐந்நூறு ஷில்லிங்குக்கும் அள்ளி வாங்கலாம், சிலிண்டரை அப்படி வாங்க முடியாது. கையில் மொத்தமாகக் காசு சேராத வீட்டில் கேஸ் ஆடம்பரம்தான். கரி காட்டை அழிக்கிறது என்று பாடம் எடுக்கத் தெரிந்த எனக்கு இந்தச் சில்லறைக் கணக்கு தெரிந்திருக்கவில்லை.

பள்ளி வளாக வீடு

மூத்த பெண் பள்ளி முடிந்து வீடு திரும்பினாள். அறை வேண்டியிருந்தது. நான் ஆசிரியர் குடியிருப்பில் இரண்டு அறை வீட்டுக்கு மாறினேன்.

தனி வீடு கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், இரிங்கா சந்தைக்குப் போய் ஒரு மாதத்துக்கான சாமான் வாங்கியது. கரி ஒரு மூட்டை, மாவு, அவரை, எண்ணெய், உப்பு, தீப்பெட்டி ஆறு பாக்கெட். 2019 ஜூன் முதல் அந்த நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. எல்லாவற்றையும் கூடையில் அடுக்கிக் கொண்டுவந்து சேர்த்தேன். மின்சாரம் முன்பணம் கட்டுகிற மீட்டர். இருபது இலக்க எண்ணை அழுத்தினால் விளக்கு எரியும். எல்லாம் என் கைக்குள். செலவைக் குறித்துவைத்தேன். விடுதியைவிடக் குறைவு, ஏன், குடும்பத்துக்கு அமைப்பு கொடுத்ததைவிடவும் குறைவு. எளிய வாழ்க்கை என்று கணக்கு நோட்டைக் காட்டினால் நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கும்.

ஆனால் யாரும் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு வாரம் வாசலில் ‘ஹோடி’ என்ற குரலே கேட்கவில்லை. கதவைத் தட்டுவதற்குப் பதில் அங்கே அப்படித்தான் குரல் கொடுப்பார்கள். ‘கரிபு’ என்று உள்ளிருந்து பதில் சொல்ல வேண்டும். ஆறரைக்குச் சூரியன் விழும், ஏழுக்கு மையிருட்டு. ஜூன், ஜூலையில் அந்த உயரத்தில் குளிர் வேறு. ஸ்வெட்டருக்கு மேல் போர்வை போர்த்திக்கொண்டு மாணவர் நோட்டுகளைத் திருத்தியபடி, விடுதியிலேயே இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு ராத்திரி உப்பு தீர்ந்தது. பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் போய், தயங்கித் தயங்கி ஒரு கரண்டி உப்பு கேட்டேன். கொடுத்தார். அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். மறுநாள் காலை அவருடைய மகன் என் வாசலில் ‘ஹோடி’ சொன்னான். தீப்பெட்டி வேண்டுமாம். அன்று முதல் போக்குவரத்து நிற்கவே இல்லை. என் சாமான் அறை நிறைந்திருந்தவரை எனக்கு யாரும் தேவைப்படவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டதில் தவறும் இல்லை. அதன் பிறகு மாதச் சாமான் வாங்குவதை விட்டுவிட்டேன். எதிலாவது ஒன்றில் எப்போதும் குறை வைத்தேன்.

தண்ணீர் இங்கே வேறு வடிவத்தில் வந்தது. ஆசிரியர் வீட்டுக்கு மாணவர்கள் தண்ணீர் சுமந்து கொடுப்பது அங்கே பரவலான வழக்கம். எனக்கு அது உறுத்தியது. வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆசிரியர் அறையில் ஒரு மூத்த ஆசிரியர், “டாடா, நீ ஓராண்டில் போய்விடுவாய். நாங்கள் முப்பது வருடம் இங்கே சுமக்க வேண்டும்” என்றார். என் எளிமை இன்னொருவர் மீது குற்றச்சாட்டாக விழுந்திருந்தது. பிறகு விடிவதற்குள் குழாயடிக்குப் போய் என் வாளியை நானே கொண்டுவந்தேன், அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அந்த வழக்கம் சரியா தவறா என்று அங்கே நின்று தீர்ப்புச் சொல்லும் தகுதி ஓராண்டு விருந்தாளிக்கு இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

மண்வெட்டி? இங்கே முதல் வாரத்திலேயே கிடைத்தது. சுயசார்புக் கல்வி என்று நியரேரே 1967இல் எழுதி வைத்ததன் மிச்சமோ என்னவோ, பள்ளிக்கென்று வயல் உண்டு, மாணவர்கள் மண்வெட்டியோடு வருவதும் உண்டு. ஒவ்வோர் ஆசிரியர் வீட்டுக்கும் பின்னால் ஒரு துண்டு நிலம். என் துண்டு தரிசாகக் கிடந்ததைப் பார்த்துக் குடியிருப்பே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. வாளி கொண்டு ஊற்றி அரைச் சால் அவரையும் ஒரு பாத்தி கீரையும் போட்டேன். கீரை வந்தது. அவரையை ஆடு தின்றது.

மொய்

மூன்று இடங்களையும் பிரித்துக் காட்டும் விஷயம் பணம் கேட்பவர்களை எப்படிச் சமாளிக்கிறோம் என்பது. அங்கே ‘மிச்சாங்கோ’ என்று ஒரு வழக்கம். கல்யாணத்துக்குப் பல மாதம் முன்பே அச்சிட்ட அட்டை வரும், இவ்வளவு தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். சாவு வீட்டுக்கும் உண்டு. நம் மொய்யை முன்கூட்டியே வசூலித்தால் எப்படியோ அப்படி. யார் யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதுவதும் அச்சு அசல் நம் மொய் நோட்டுதான்.

விடுதியில் இருந்தவர்களுக்கு அட்டையே வராது. குடும்பத்தில் இருந்தபோது அட்டை வந்தால் அம்மாவிடம் காட்டுவேன். “இவர்களுக்கு ஐயாயிரம் ஷில்லிங் போதும், அதிகம் கொடுத்தால் அடுத்தவர் முகம் சுளிப்பார்” என்று சொல்லிவிடுவார். பள்ளி வீட்டில் நானே முடிவெடுக்க வேண்டியிருந்தது. முதல் கல்யாணத்துக்குத் தலைமையாசிரியரைவிட அதிகமாகக் கொடுத்து அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தினேன். அள்ளிக் கொடுப்பதிலும் ஓர் அளவு உண்டு என்பதை ஊருக்குள் ஒருவர் நமக்குச் சொல்லித்தர வேண்டும். நான்கு மாதம் அம்மாவிடம் பழகியிராவிட்டால் இன்னும் மோசமாகச் சொதப்பியிருப்பேன்.

நம்மவர்களுக்கு மட்டும் பொருந்துகிற இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளைக்காரர் ‘ம்சுங்கு’, நாம் ‘ம்ஹிந்தி’. கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் வருவது தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் குஜராத்திக் குடும்பங்கள். விடுதியில் இருந்த இரண்டு வாரமும் சந்தையில் எல்லோரும் என்னை ஏதோ ஒரு கடை முதலாளியின் வீட்டுப் பெண் என்றே நினைத்தார்கள். எளிமையாக வாழ வந்தேன் என்றால் சிரித்திருப்பார்கள். தக்காளிக்கார அம்மாளோடு கூடை தூக்கிச் சந்தைக்கு இரண்டு முறை போன பிறகு, ‘அந்த வீட்டு டாடா’ ஆனேன். விலையும் இறங்கியது.

அப்படியானால் எது?

ஆறு மாதத்துக்கு மேல் இருப்பவருக்கு என் பதில்: முதல் மூன்று நான்கு மாதம் குடும்பம், பிறகு தனி வீடு. வரிசையை மாற்ற வேண்டாம். தனி வீட்டிலிருந்து குடும்பத்துக்குப் போனால் பழகிய வசதியை இழந்த எரிச்சல்தான் மிஞ்சும். இது என் கண்டுபிடிப்பும் இல்லை. 1961இல் தொடங்கி, அந்த ஆண்டிலேயே தாங்கனிக்காவுக்கும் (தான்சானியாவின் பெருநிலப் பகுதிக்கு அன்றைய பெயர்) ஆள் அனுப்பிய ‘பீஸ் கோர்’ என்கிற அமெரிக்க அரசுத் தொண்டர் அமைப்பு, பொதுவாகப் பயிற்சிக் காலத்தில் தன் தொண்டர்களை உள்ளூர்க் குடும்பத்தில் வைத்துவிட்டுத்தான் பணியிடத்துக்கு அனுப்புகிறது. அதில் அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே சேர முடியும் என்பதால் நம்மில் பெரும்பாலோருக்கு அந்த வழி இல்லை. ஐ.நா. தொண்டர் திட்டத்தில் போனால் மாதப் படி கொடுப்பார்கள், பெரும்பாலும் வீட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கேயும் முதல் சில வாரங்களுக்கு ஒரு குடும்பத்தைத் தேடிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கணவன் மனைவியாகப் போகிறவர்கள் நேராகப் பள்ளி வீட்டுக்குப் போகலாம். ஒரு குடும்பத்துக்குள் இன்னொரு குடும்பத்தைத் திணிப்பது நியாயமில்லை. தனியாகப் போகும் பெண்கள், எந்த வீடாக இருந்தாலும், அறைக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் உண்டா, கழிப்பறை முற்றத்தில் எவ்வளவு தூரம், இரவில் வெளிச்சம் உண்டா என்று கேட்காமல் சம்மதிக்கக் கூடாது. இதைக் கேட்பதால் உங்கள் எளிமைக்குக் குறை வந்துவிடாது. கொசுவலை, கொதிக்கவைத்த தண்ணீர் இரண்டிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். டூரிஸ்ட் விசாவில் போய்த் தொண்டு செய்யலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தான்சானியாவில் அதற்கு சி வகை வசிப்பு அனுமதி என்று தனியே இருக்கிறது.

பள்ளி வீட்டுக்கு மாறிய இரண்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை பழைய வீட்டுக்குப் போனேன். கடைக்குட்டி வேலி வரை ஓடிவந்தான். பாட்டிக்கு ‘ஷிகாமோ’ சொன்னேன். பாதத்தைப் பற்றுகிறேன் என்பது அதன் பொருள். ‘மராஹபா’ என்றார். உள்ளே உட்காரவைத்து, செம்பில் வெந்நீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார்கள். பிறகு தட்டு வந்தது. அரிசிச் சோறு, கோழி.

தட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பாட்டியிடம், சோறு வேண்டாம், மண்வெட்டியைக் கொடுங்கள் என்றேன். அவர் விரலை மடக்கி எண்ணினார். இன்று ஒன்று, நாளை இரண்டு. “நாளை மறுநாள் இருப்பாயா?”

திங்கட்கிழமை பள்ளி இருக்கிறதே என்றேன்.

“அப்படியானால் சோற்றைச் சாப்பிடு” என்றார்.